சங்குக்கார ஆண்டியும் ஏரோப்ளேன் தீவும்

கோகிலவாணிக்குப் பிள்ளை பிறந்து நாலாம் நாள் கூடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து எஸ்டேட் ஆள்களின் வரிசை வீடான லயத்தில் விட்டார்கள். ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லயத்துக்கும் தேயிலை பேக்டரிக்கும் நடுவே ஒரு சரிவுதான் இருந்தது. காலை ஆறரைக்கு பேக்டரிக் கூரையில் சங்கு ஊதினால் லயத்துத் தகரம் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தத்தில் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு விழிக்கும், முகம் கறுக்க அழும், பிறகு மதியம்வரை மார்பில் வாய் வைக்காது. இரண்டு நாள் இப்படியே போனது. மாமியார் ராமாத்தாள் மாரியம்மன் கோயில் திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு, "எஸ்டேட்டுல பொறந்த புள்ள சங்குக்குப் பயந்தா ஏலுமா? பழகிக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை சங்கு ஊதியது. ஆனால் எங்கோ நாலு மலை தாண்டி ஊதுவது மாதிரி இருந்தது. பிள்ளை கண் திறக்கவில்லை. அதற்குப் பின் நாற்பது நாளும் அப்படித்தான். சங்குக்கு ஏதோ கோளாறு என்றே கோகிலவாணி நினைத்திருந்தாள்.

நாற்பது கழிந்து தலைக்குக் குளித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறபோது பேக்டரிப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். சங்கின் வாயில் இரண்டு கொழுந்துச் சாக்கை மடித்து வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஏணியில் நின்று ஒருவர் அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சங்குக்கார ஆண்டி. அவளைக் கண்டதும் களவில் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

"என்னாண்ணே செய்றீங்க மேல?"

"சாக்குக் காயப் போட்டேன் தங்கச்சி."

அப்போதும் மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. ஏன் சத்தம் குறைந்துபோச்சு என்று எஸ்டேட் தொரை கேட்டதற்கு, "மழைக்கு அதுக்கும் தொண்டை கட்டிக்கிச்சுங்க" என்று ஆண்டி சொன்னாராம். அது பின்னால்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைதான் பிரீத்தி. ஆண்டி இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

ஆண்டி சிலோனில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வயதில் தாய் தகப்பனோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் மூன்று மாதம் இருந்த பிறகு, நடுவட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளிமேடு எஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள். வந்த வாரமே சங்குப் பெட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் அந்தக் கைப்பிடியை அவர் ஒருவர்தான் இழுத்தார். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் எந்திரத்துக்குப் பொட்டு வைத்தால், அவர் ஏணி ஏறிப் போய்ச் சங்குக்குச் சந்தனம் பூசிப் பூச் சுற்றிவிட்டு வருவார். கல்யாணம் கட்டவில்லை. யாராவது கேட்டால், "பொண்டாட்டி தூங்கவேணாமா? இந்தச் சத்தத்துல எவ இருப்பா" என்று சிரிப்பார். தகப்பனும் தாயும் போன பிறகு பாய்லர் அறை ஓரத்தில் ஒரு கட்டிலோடு ஒண்டிக்கொண்டார்.

சங்குக்கு ஒரு முறை இருந்தது. காலையில் ஒரு தடவை நீளமாக ஊதினால் பெரட்டுக்கு வரவேண்டும். ஆள் கூட்டி, பேர் போட்டு, எந்த மலையில் யாருக்கு வேலை என்று பிரித்துவிடுகிற அந்த வெட்டவெளிக்குப் பேர் பெரட்டுக்களம். சாயங்காலம் மறுபடி ஒரு நீளம். அது வேலை விடுகிற சங்கு. மூன்றாவது ஒன்றும் உண்டு. விட்டு விட்டு மூன்று தடவை.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு வந்தது. அந்த ஐப்பசியில் மேட்டுலயத்தின் மேல் மண் சரிந்தது. மலை கீறுகிற சத்தம் கேட்டு ஆண்டி சங்கை இழுத்தார். ஆனால் நீளமாக ஒன்றுதான் ஊதினார், அவருக்கு வேறு தெரியாது. நேரம் தப்பி ஊதுகிறானே என்று சனங்கள் ஊட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பதினாலு பேர் மண்ணுக்குள் போனார்கள். ராமாத்தாளின் புருஷனும் மூத்த மகளும் அதில் அடக்கம். கைக்கு மிஞ்சியது ஒன்பது வயது மகன் சுரேந்திரன் ஒருத்தன். அதன் பிறகு தொரை ஒரு சட்டம் போட்டார். விட்டு விட்டு மூன்று தடவை கேட்டால் அடுப்பை, பிள்ளைப் பாலை, எதையும் பார்க்கக்கூடாது. பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். அந்த ஒரு இடத்துக்குத்தான் மேலே மலையும் இல்லை, மண்ணும் இல்லை.

ராமாத்தாள் அந்தச் சட்டத்தை மகனுக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஊட்டினாள். "திரும்பிப் பாக்காதடா. அம்மா எங்கன்னு பாக்காத. வெட்டவெளிக்கு ஓடு." பையன் வளர்ந்து, கோகிலவாணியைக் கல்யாணம் முடித்து, தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆளான பிறகும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் அப்படித்தான், பயந்த சுபாவம். நடுவட்டம் ரோட்டைக் கடக்க மூன்று தடவை இந்தப் பக்கமும் மூன்று தடவை அந்தப் பக்கமும் பார்ப்பான். ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த கோயமுத்தூர்க்காரர் நாச்சிமுத்து அவனைக் கண்டாலே, "ஏனுங்க சுரேந்திரா, ஊட்டி பஸ்ஸு இப்பத்தான் ஊட்டியில பொறப்பட்டிருக்குது. பையக் கடந்து வாங்க, அவசரமில்ல" என்பார். கடையே சிரிக்கும். சுரேந்திரனும் சேர்ந்து சிரிப்பான். ஆனாலும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கடப்பான்.

தேயிலை விழுந்தது தொண்ணூற்றொன்பதில். பச்சைக் கொழுந்துக்கு விலை போய்விட்டது, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்றார்கள். பேக்டரி வாரத்தில் நாலு நாள் ஓடி, இரண்டு நாள் ஓடி, கடைசியில் பூட்டு விழுந்தது. பூட்டின அன்று சாயங்காலம் ஆண்டி வழக்கம்போல ஒரு நீளம் ஊதினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கைப்பிடியைப் பிடித்திருந்தார் என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். மறுநாளிலிருந்து லயத்தில் யாருக்கும் நேரம் தெரியவில்லை. தேயிலைச் செடி கவ்வாத்து இல்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. காட்டுப்பன்றி வந்தது. ரேஷன் அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தார்கள். கொஞ்சம் பேர் திருப்பூருக்குப் போனார்கள், போக முடியாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம்தான் கூடலூரிலிருந்து நெல்சன் வந்தான். ஆள் அனுப்புகிற ஏஜென்ட். நாச்சிமுத்து கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படத்தை விரித்தான். நீலக் கடலுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

"இது ஒரு தீவு. கோடு மாதிரி இருக்குதே, அதுதான் ஏர்போர்ட்டு. சின்ன ஏரோப்ளேன்தான் இறங்குது. பெரிசு இறங்கணும்னா கோட்டை நீட்டணும். கடலைத் தூர்க்கிற வேலை. பதினொரு பேர் வேணும்."

"கடலைத் தூர்க்கறதா?" என்றார் நாச்சிமுத்து. "ஏனுங்க, எங்கூர்ல கொளத்தைத் தூர்த்தாலே கேசுங்க."

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த ஆண்டி தீவின் பேரை நெல்சனிடம் கேட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தடவினார். பிறகு, "இது எங்கப்பா போன தீவு" என்றார்.

யாரும் நம்பவில்லை. ஆனால் அது நிஜம். உலகச் சண்டைக் காலத்தில், சிலோன் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்டியின் தகப்பனுக்கு அப்போது பதினெட்டு வயது. போய் இறங்கினால் சுற்றிலும் கடல், நடுவே தென்னைமரம். தீவு எங்கும் ஒரே மட்டம். மலையில் பிறந்தவருக்கு அது பெரிய பயமாக இருந்ததாம். "நம்ம லயத்து வாசப்படி உசரந்தான்டா அந்தத் தீவு மொத்தமும். ராத்திரி கடல் மூச்சு விடுறது பாய்க்கு அடியில கேக்கும்" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் எட்டு மாதத்தில் நாலாயிரம் தென்னையை வெட்டினார்கள். ஊர்ச்சனங்களைத் தீவின் மறுகோடிக்குத் துரத்திவிட்டார்கள். பவழக் கல்லை உடைத்துப் பரப்பி, ஓட்டை போட்ட இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மேலே விரித்தார்கள். அப்படிக் கோக்கும்போது அவருடைய இரண்டு விரல் போனது. முதல் ஏரோப்ளேன் இறங்கினபோது தகடெல்லாம் ஒரே நேரத்தில் சலசலவென்று சத்தம் போட்டதாம், ஆயிரம் தட்டை ஒன்றாகப் போட்டு உருட்டின மாதிரி. சண்டை முடிந்தது. சீமைக்காரன் போய்விட்டான். தகட்டை ஊர்க்காரர்கள் பிடுங்கி ஆட்டுக்கு வேலி கட்டிக்கொண்டார்கள். வெள்ளைக் கோட்டில் புல் முளைத்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு அரசாங்கம் புல்லைச் செதுக்கித் தாரைப் போட்டு, ஒரு தகரக் கொட்டகையை நிறுத்தி, அதற்கு ஏர்போர்ட் என்று பேர் வைத்தது.

இந்தக் கதையைக் கேட்டபோது சுரேந்திரன் கண் விரிந்தது. வீட்டில் அரிசியும் தீர்ந்திருந்தது, தானும் போகிறேன் என்றான்.

ராமாத்தாள் ஒரே பிடியாக நின்றாள். "ஒத்தப் புள்ள. மலையிலயே மண்ணு ரெண்டு பேரைத் தின்னுச்சு. கடல் விடுமா?"

ஆண்டி அவள் வாசலில் வந்து நின்றார். "அக்கா, நானும் போறேன். கூட்டிட்டுப் போறவன் நான். கூட்டிட்டு வாறதும் நான்தான். மாரியம்மா மேல ஆணை."

கோகிலவாணி அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டி அண்ணன் கூடப் போனால் பயமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. போகட்டும் என்று அவள்தான் மாமியாரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தாள். பின்னாளில் அவள் கோயிலில் கண் மூடி நின்ற நேரமெல்லாம் இந்த ஒன்றுதான் முதலில் வந்து நின்றது.

மாதம் ஒரு கடிதம் வந்தது. சுரேந்திரன் ஐந்தாவது வரை படித்தவன், பேசுகிற மாதிரியே எழுதுவான்.

"அன்புள்ள வாணிக்கு. இங்கு சுகம். பாப்பாவுக்கு முத்தம். இங்கே ஒரு கப்பல் கடலுக்கு அடியில் இருந்து மணலை உறிஞ்சி குழாயில் துப்புகிறது. நாங்கள் ஓரத்தில் பாறை அடுக்கி அந்த மணல் ஓடாமல் கட்டுகிறோம். நம்ம ஊரில் மலைக்குக் கல்கட்டு கட்டுவோமே, அது மாதிரி, ஆனால் இங்கே மலை இல்லை. ஏரோப்ளேன் ரோட்டைக் கடந்துதான் ஊர்ச்சனம் பள்ளிவாசலுக்குப் போகிறது. ஆடு மேய்கிறது. அதனால் ஏரோப்ளேன் வருமுன் சங்கு ஊதுவார்கள். ஊதுகிறவன் ஊருக்குப் போய்விட்டான். இருபத்தாறு வருஷம் சங்கு ஊதினவர் என்று கேட்டு ஆண்டி அண்ணனையே அதில் போட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். சந்தனம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். இங்கே ஒரு முறைதான். நீளமாக ஊதினால் எல்லோரும் ரோட்டை விட்டு விலக வேண்டும். அண்ணன் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தார்."

இன்னொரு கடிதத்தில் எழுதினான்: "பழைய கோடியைத் தோண்டும்போது துருப்பிடித்த தகடு ஒன்று வந்தது, ஓட்டை ஓட்டையாக. அண்ணன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேஸ்திரி சத்தம் போட்டான். எங்கப்பாவோட விரல் இதுலதான் எங்கயோ இருக்கு என்று அண்ணன் தமிழில் சொன்னார். அவனுக்கு என்ன புரியும்."

பிறகு ஒரு மாதம் கடிதம் இல்லை. அதற்கடுத்த மாதம் நாச்சிமுத்து கடைக்கு போன் வந்தது. அவர் துண்டைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சரிவில் இறங்கி லயத்துக்கு நடந்து வந்தார். ஒருநாளும் லயத்துக்கு வராதவர். அவர் வருவதைப் பார்த்த உடனேயே கோகிலவாணி அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அம்மிணி," என்றார், "சித்த உக்காருங்க."

பெட்டி பதினோராம் நாள் வந்தது. தீவில் இருந்து ஏரோப்ளேனில் ஏற்றி, திருவனந்தபுரத்தில் இறக்கி, வேனில் கூடலூர் வழியாக மலை ஏறி வந்தது. சுரேந்திரன் பாறை அடுக்கின அந்தப் புது நீளத்தில்தான் ஏரோப்ளேன் ஓடி எழும்பியது என்று ஆண்டி சொன்னார். அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருந்தார். சவரம் செய்யாத முகம். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ராமாத்தாள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

பெட்டியோடு ஒரு காகிதம் வந்தது. நெல்சன் அதைப் படித்துத் தமிழில் சொன்னான். 'மேற்படி தொழிலாளி எச்சரிக்கையை மதிக்காமல், தன்னுடைய கவனக்குறைவால், விமானம் இறங்கும்போது ஓடுபாதையில் புகுந்ததால் இறந்தார். வேறு யார் பேரிலும் குற்றமில்லை.' கீழே சாட்சிக் கையெழுத்து. ஆண்டி.

மண் போட்டு முடிந்தது. காகிதத்தில் இருந்தது மட்டும் மண்ணுக்குள் போகவில்லை. மூன்றாம் நாளே ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. ஏரோப்ளேன் முன்னால் தானாகப் போய் ஒருத்தன் ஓடுவானா? குடித்திருப்பான் என்று கொஞ்சம் பேர். வீட்டில் என்ன மனஸ்தாபமோ, சாகத்தான் ஓடியிருப்பான் என்று கொஞ்சம் பேர். தண்ணீர்க் குழாயில் கோகிலவாணி குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடும். பிரீத்தி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அம்மா, அப்பா வேணும்னுதான் செத்தாரா?" என்று கேட்டாள். ஐந்து வயசுப் பிள்ளை.

அன்றிலிருந்து கோகிலவாணிக்குப் பசி, தூக்கம் இரண்டும் போயின. புருஷன் போனதை எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம். ரோட்டைக் கடக்க ஆறு தடவை பார்க்கிற மனுஷன் ஏன் ஓடினான்? அது தெரியாமல் இந்தப் பிள்ளையை என்ன சொல்லி வளர்ப்பது? அந்த ஒரு கேள்வியோடு அவள் எழுந்தாள், அதோடு படுத்தாள். ஆண்டியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். பூட்டின பேக்டரியின் பின்பக்கம், சங்குக்கு நேர் கீழே, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். யார் கொண்டுபோய் வைத்த சோறும் அப்படியே இருந்தது.

மண் போட்ட பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டு இலை போட்டார்கள். கோகிலவாணி சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள். நாச்சிமுத்து பக்கத்து இலைக்காரரிடம் தாழ்ந்த குரலில், "நல்ல பையனுங்க. என்ன பண்றது, அந்தூர்ல வெய்யில் சாஸ்திங்களாமா, ரெண்டு டம்ளர் ஊத்தியிருப்பாப்டி" என்றார். அவர் கெட்ட மனசுக்காரர் இல்லை. சாகத்தான் போனான் என்பதைவிடக் குடித்தான் என்பது மேல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

கோகிலவாணி வாளியைக் கீழே வைத்தாள். பந்தலைக் கடந்து, ஓரமாகத் தனியாக நின்ற ஆண்டியின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே. காகிதத்துல உங்க கையெழுத்து இருக்கு. இப்ப இந்தச் சனத்துக்கு முன்னால சொல்லுங்க. அவரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல தங்கச்சி."

"சாகப் போனாரா?"

"இல்ல."

"அப்ப ஏன் ஓடுனாரு?"

பந்தலில் சாப்பாடு நின்றுபோனது.

"சங்கு ஊதிச்சு," என்றார். "நான்தான் ஊதினேன்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்று மத்தியானம் கடலில் இருந்து திடீரென்று மழை வந்தது. வேலை செய்தவர்கள் எல்லாரும் ரோட்டை விட்டு விலகி ஓரத்துத் தார்ப்பாய்க்குள் ஒதுங்கிவிட்டார்கள். ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை. அன்றைக்கு ஏரோப்ளேன் வருகிற நேரமும் இல்லை. எங்கேயோ போகிற சின்ன ஏரோப்ளேன் ஒன்று எஞ்சின் கோளாறாகி, சொல்லாமல், மழையைக் கிழித்துக்கொண்டு தலைக்கு மேலே வந்துவிட்டது. அவருக்கு அது மலை கீறி இறங்குகிற மாதிரி இருந்தது. அதே இருட்டு, அதே இரைச்சல். கைப்பிடியை இழுத்தார்.

"நீளமா ஊதணும். எனக்குத் தெரியும். நான்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன். ஆனா கை கேக்கல. ஆபத்துன்னு நெஞ்சு சொன்னதும், கை நம்ம எஸ்டேட்டுச் சங்க ஊதிருச்சு. விட்டு விட்டு மூணு."

வெள்ளிமேட்டில் அந்தச் சங்கு என்னவென்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

"மத்த ஊரு ஆளுங்களுக்கு அது என்னான்னே தெரியாது, தார்ப்பாய்க்குள்ளயே இருந்தாங்க. நம்ம ஆளுங்க பத்துப் பேரும் எந்திரிச்சிட்டாங்க. ஒம்பது பேரு ரெண்டு எட்டு வச்சு, இது வெள்ளிமேடு இல்லையேன்னு நின்னுட்டாங்க. சுரேந்திரன் நிக்கல. அங்க வெட்டவெளின்னா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அந்த ரோடுதான்."

"பொறகு ஏன்ணே கையெழுத்துப் போட்டீங்க?" கோகிலவாணியின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"உண்மையச் சொன்னா விசாரணை வைப்பாங்களாம், முடியிறவரைக்கும் பெட்டிய விடமாட்டாங்களாம். ஆறு மாசமோ ஒரு வருசமோ, இல்ல அங்கயே மணல்ல பொதைச்சிருவோம்னாங்க. கொண்டாந்து சேர்க்கிறேன்னு அக்காகிட்ட ஆணை போட்டிருந்தேன். கொண்டாரணும்னு ஒண்ணுதான் நெனச்சேன். அவன் பேர அங்க வச்சுட்டு ஒடம்ப மட்டும் கொண்டாந்துட்டேன் தங்கச்சி."

ராமாத்தாள் பின்னால் வந்து நின்றதைக் கோகிலவாணி அப்போதுதான் பார்த்தாள். முந்தானை தலையில் இருந்து நழுவிக் கிடந்தது.

"தம்பி," என்றாள் ராமாத்தாள். "திரும்பிப் பாத்தானா?"

ஆண்டி நிமிர்ந்தார். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவர் முகத்தில் ஓடியது. கோகிலவாணி அதைப் பார்த்தாள்.

"பாக்கல அக்கா. நேரா ஓடுனான்."

"நான் சொன்ன மாதிரியே ஓடிட்டான்," என்றாள் ராமாத்தாள். அழவில்லை. போய் லயத்து வாசலில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் இருந்த மூன்று வருஷமும் ஊரில் எங்கே சங்கு கேட்டாலும், பக்கத்து எஸ்டேட்டுச் சங்கானாலும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நாச்சிமுத்து இலையை மூடிவிட்டு எழுந்து வந்து, கோகிலவாணி முன்னால் கை கூப்பினார். "அம்மிணி, நாக்குத் தப்புங்க" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஆண்டி திரும்ப அந்தத் தீவுக்குப் போகிறேன் என்றார். காகிதத்தை மாற்றி எழுத வைக்கவேண்டும், அது அங்கே இருக்கிற அதிகாரி முன்னால்தான் முடியும். நாச்சிமுத்து தடுத்தார். "ஏனுங்க, அங்க போயி நாந்தான்னு சொன்னா உங்களைப் புடிச்சு உள்ள வெச்சுப்போடுவானுங்க. ஊருக்குத் தெரிஞ்சுது, போதாதுங்களா?"

"இந்த ஊருக்குத் தெரிஞ்சிருச்சு. காகிதத்துக்குத் தெரியலயே" என்றார் ஆண்டி.

போ என்றோ போகாதே என்றோ சொல்லக் கோகிலவாணிக்கு வாய் வரவில்லை. அவர் மேல் ஆத்திரம் இருந்தது. பிள்ளைக்காகச் சாக்குக் கட்டின அதே கைதான் புருஷனைத் தின்றது. அந்தக் கையை வெறுக்கப் பார்த்தாள், முடியவில்லை. மன்னிக்கப் பார்த்தாள், அதுவும் முடியவில்லை. இரண்டையும் மாரியம்மன் காலடியில் போட்டுவிட்டு வந்தாள்.

மீதி ஒன்பது பேரும் வேலை முடிந்து மறு வருஷம் வந்தபோதுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. ஆண்டி போன அன்றே அதிகாரி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவரைப் படகில் ஏற்றிப் பெரிய ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. புது ஓடுபாதை முழுசும் முடிந்து பெரிய ஏரோப்ளேன் இறங்கிற்று. தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கண்ணாடி போட்ட கட்டடம் எழும்பிற்று. ஊர்ச்சனம் ரோட்டைக் கடக்காதபடி இரண்டு பக்கமும் வேலி வந்தது. வேலி வந்த பிறகு சங்குக்கு வேலையில்லை, கழற்றிவிட்டார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் தபாலில் ஒரு காகிதம் வந்தது. சோலூரில் இருந்து வருகிற பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். சுரேந்திரன் மதுவருந்தியிருக்கவில்லை, கவனக்குறைவும் இல்லை, தவறாக ஊதப்பட்ட சங்கை ஆபத்து அறிவிப்பென்று நம்பி ஓடினார் என்று அதில் இருந்தது. முத்திரை இருந்தது. கோகிலவாணி அதைப் பிரீத்தியின் கையில் கொடுத்து, எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்து அப்பாவின் பேர் இருக்கிற இடத்தில் வைத்தாள். ஆண்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் நெல்சன் மூலமாகச் சேதி வந்தது. அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்துவிட்டார். கேட்பதற்கு உறவு இல்லாததால் அங்கேயே அடக்கம். எந்தத் தீவில் என்று நெல்சனுக்கும் தெரியவில்லை.

ஆண்டி தீவுக்குத் திரும்பிப் புறப்பட்ட அந்தக் காலை கோகிலவாணி நடுவட்டம் பஸ் நிறுத்தம்வரை போனாள். போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். பனி மூட்டம். ஆண்டியிடம் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. பிரீத்தி அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடலூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. சத்தம் கேட்டுப் பிள்ளை திடுக்கிட்டு விழித்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆண்டியின் கை பிள்ளையின் காதைப் பொத்தத் தானாக நீண்டு, பாதியில் நின்று, திரும்பப் பைக்குப் போனது. படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னார்:

"தங்கச்சி, பாப்பாவுக்குச் சங்கு கேட்டா ஓடுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துறாத. நின்னு, எங்கருந்து வருதுன்னு பாக்கச் சொல்லு."